குமுளி ஜெராக்ஸ் கடை ரேங்க் ஃபைல்: லைபீரியா பாடம் மட்டும் திருத்திப் படிக்கவும்

குமுளியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆப்பிரிக்கப் பெண் தலைவர்கள் பற்றிய ரேங்க் ஃபைல், அதாவது தேர்வு வழிகாட்டி, தமிழில் கிடைக்கிறது. தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கான கேரள எல்.டி. கிளார்க் (கீழ்நிலை எழுத்தர்) தேர்வுக்குப் படிக்கும் பீருமேடு, தேவிகுளம் பிள்ளைகளுக்கானது. மலையாளத்திலிருந்து அவசரத்தில் பெயர்த்திருக்கிறார்கள்.

லைபீரியாவின் முன்னாள் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப் பாடம்தான் பெரியது. பதவிக்கு முந்தைய வாழ்க்கையை ஒழுங்காகக் கோத்திருக்கிறார்கள். 1979இல் நிதியமைச்சர், 1980 ஏப்ரல் 12இல் ராணுவ சார்ஜென்ட் சாமுவேல் டோ ஆட்சியைப் பிடித்து அதிபர் டோல்பர்ட்டைக் கொன்றது, பத்தே நாளில் 13 உயரதிகாரிகள் கடற்கரையில் சுடப்பட, இவர் தப்பியது, 1985இல் அரசைச் சாடிப் பேசியதற்குப் பத்தாண்டுத் தண்டனை, பிறகு விடுதலை, 1997 அதிபர் தேர்தலில் கிளர்ச்சித் தலைவராக இருந்த சார்லஸ் டெய்லரிடம் தோல்வி. இந்த வரிசை மனசில் நிற்கும்.

சறுக்குவது அதற்குப் பிறகு. ‘ஆப்பிரிக்காவின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவர்’ என்று எழுதியிருக்கிறது. மலையாளத்தில் சரியாக இருந்திருக்கும். தமிழில் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்ற சொல் நியமனத்துக்கும் பொருந்திவிடுகிறது. இவருக்கு முன்பே 1996இல், அதே லைபீரியாவில், ரூத் பெர்ரியை இடைக்கால ஆட்சிக்குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்குச்சீட்டால் அல்ல, பேச்சுவார்த்தையில். ஆகவே ‘ஆப்பிரிக்காவில் மக்கள் வாக்கால் பதவிக்கு வந்த முதல் பெண் அதிபர்’ என்று பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். தப்பு விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் போகும் தேர்வு இது.

2005 தேர்தலுக்கு 59.4 சதவீதம் என்று மட்டும் போட்டிருக்கிறது. அது நவம்பர் 8 இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் கால்பந்து வீரர் ஜார்ஜ் வேயா 28.3, இவர் 19.8. பதவியேற்றது 2006 ஜனவரி 16. ஃபைலில் 2005 என்று இருப்பதை அடித்துவிடுங்கள். 2011இல் 90.7 சதவீதம் என்பது சரிதான். ஆனால் எதிர்வேட்பாளர் அந்தச் சுற்றைப் புறக்கணித்தார் என்ற ஒரு வரி இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அமைதி நோபல் அறிவிப்பு அதே ஆண்டு அக்டோபர் 7, முதல் சுற்றுக்கு நாலு நாள் முன்பு. லேமா போவி, தவக்குல் கர்மான் இருவரோடும் பகிர்ந்த பரிசு, தனிப்பரிசு அல்ல.

2007இல் லைபீரியா போன இந்தியப் பெண்களை ‘ராணுவம்’ என்கிறது ஃபைல். அவர்கள் சி.ஆர்.பி.எஃப். (மத்திய ரிசர்வ் காவல் படை); ஐ.நா.வின் முழுக்கப் பெண்களாலான முதல் காவல் பிரிவு. 2010இல் தள்ளுபடியான 460 கோடி டாலர் கடன் சரியாக வந்திருக்கிறது. உள்நாட்டுப் போரை விசாரித்த லைபீரியாவின் உண்மை ஆணையம் 2009இல் இவருக்கு 30 ஆண்டு பதவித் தடை பரிந்துரைத்ததை ஏனோ விட்டுவிட்டார்கள். டெய்லருக்குத் தொடக்கத்தில் கொடுத்த ஆதரவுதான் காரணம். புகழுரையாக இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஸ்பைரல் போடச் சொல்லாதீர்கள். இடது ஓரம் விரலளவுகூட இல்லை, ஓட்டை நேராக ஆண்டுகள் மேல் விழுகிறது. மேல் மூலையில் ஸ்டேப்ளர் அடித்து வாங்கினால் போதும்.