கேனா மேயா, மஸ்ட்டா ஹேவ் டுவா: தமிழ் கை குடுக்குற இடமும் பர்மா கை குடுக்குற இடமும்

நம்ம ரங்கூன் பிள்ளைங்க இங்கிலீஷ் பேச வாயத் தொறந்தா தலைக்குள்ள ரெண்டு பாஷை ஓடும், வீட்டுல தமிழ், தெருவுல பர்மா. சாயங்காலம் ட்யூஷன் எடுக்குறவன்ங்கிற முறையில சொல்றேன், மோடல் வெர்ப் (கேன், மே, மஸ்ட் மாதிரி துணை வினைங்க) விஷயத்துல தமிழ மட்டும் வச்சு சொல்லிக்குடுத்தா பாதி கிணறுதான் தாண்டும். ஒரு இடத்துல தமிழ் அச்சு அசலா பொருந்தும், இன்னொரு இடத்துல பர்மாதான் காப்பாத்தும், அதனால எந்த மோடலுக்கு எந்தப் பாஷையில நினைக்கணும்னு பிரிச்சுப் பாத்துருவோம்.

மொதல்ல கேன். போர்டுல "கேன்னா முடியும்"னு எழுதிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க, ஆனா "எனக்கு நீந்தத் தெரியும்"ன்னு சொல்லச் சொன்னா பையன் "ஐ நோ ஸ்விம்"ங்கிறான், ஏன்னா அவன் மனசுல இருக்குறது தெரியும், முடியும் இல்ல. தமிழ்ல தெரியும், முடியும், லாம்னு மூணு. பர்மாவுலயும் அதே மூணு, கத்துக்கிட்டதுக்கு தத்தே, தெம்புக்கும் தோதுக்கும் நைந்தே, அனுமதிக்கு லோ யாதே. நீந்துறதுக்கு யே கூ தத்தே, வர முடியும்னா லா நைந்தே, இங்க உட்காரலாமான்னு கேக்க தைங் லோ யாலா. இங்கிலீஷ்காரன் இந்த மூணையும் ஒரே கேன்ல போட்டு அடைச்சிட்டான், அவ்வளவுதான். இதுல பயப்பட ஒண்ணும் இல்ல, நம்மகிட்ட ஜாஸ்தி இருக்கு அவன்கிட்ட கம்மி.

கேனா மேயான்னு வந்தா தமிழ்தான் ஜெயிக்கும். "உள்ள வரலாமா" கேட்டா மே ஐ கம் இன், "மழை வரலாம்"னா இட் மே ரெயின், அனுமதிக்கும் சந்தேகத்துக்கும் நம்ம லாம் ஒண்ணே போதும், மேயும் அப்படியே. பர்மாவுல இது ரெண்டு வேற வேற, அதுல நினைச்சா குழம்பும். ஃப்ரெண்டுகிட்ட கேன் ஐ போதும், ஆபீஸர்கிட்ட மே ஐ மரியாதை. ஆனா ஒரு பொறி இருக்கு, மே மரியாதைன்னு சொல்லிக்குடுத்ததால பிள்ளைங்க "மே யூ ஹெல்ப் மீ"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க. மே ஐன்னு கேக்குறது நமக்கு அனுமதி, அடுத்தவரை வேலை செய்யச் சொல்ல அது ஆகாது, அங்க குட் யூ இல்லன்னா வுட் யூ. மைட்டுன்னா மேயைவிட கொஞ்சம் இழுவை, "வந்தாலும் வரலாம்" மாதிரி.

குட் இறந்த காலம்னு மனப்பாடம் பண்ணினவங்க "லாஸ்ட் இயர் ஐ குட் பாஸ் தி எக்ஸாம்"னு எழுதுவாங்க. சின்ன வயசுல மரம் ஏறத் தெரியும்ங்கிற மாதிரி பொதுவான திறமைக்கு குட் சரி, ஒரு தடவை நடந்து முடிஞ்ச காரியத்துக்கு வாஸ் ஏபிள் டு. இல்லன்னு சொல்றப்ப மட்டும் குடின்ட் எங்கயும் ஓடும்.

இப்ப மஸ்ட்டுக்கு வருவோம், இங்கதான் தமிழ் நம்மள நல்லா கவுத்தும். "நான் ஊருக்குப் போகணும்"னா ஆசையா, கட்டாயமா? ரெண்டுமே ணும்தான். பிள்ளைங்க ஐ வான்ட் டு கோ, ஐ மஸ்ட் கோ ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுறாங்க. பர்மாவுல நினைச்சா ஒரு நொடியில தீந்துச்சு, ஆசைன்னா ச்சிந்தே, கட்டாயம்னா யாமே. மஸ்ட்டுக்கும் ஹேவ் டுவுக்கும் வித்தியாசம் கேட்டா, சொல்றவரே கட்டாயப்படுத்துனா மஸ்ட், வெளியில இருக்குற ரூல் கட்டாயப்படுத்துனா ஹேவ் டு, பேச்சுல ரெண்டும் கலந்துதான் வரும். மஸ்ட்டுக்கு நேத்து கிடையாது, ஹேட் டுதான்.

இல்லங்கிற பக்கம் திரும்புனா ரெண்டும் எதிர் எதிர் திசை. தெரிஞ்ச தம்பி ஒருத்தன் சிங்கப்பூர் கஸ்டமருக்கு "நீங்க நேர்ல வர வேண்டாம், மெயில் போதும்"ங்கிறத "யூ மஸ்ட் நாட் கம்"னு எழுதி அனுப்பிட்டான், அவர் படிச்சது "வரக் கூடாது"ன்னு! நம்ம வேண்டாம் ரெண்டு பக்கமும் சாயும், "போவேணாம்"னா தடையும் ஆகும் அவசியமில்லைனும் ஆகும். பர்மாவுல மலா யாபூன்னா தடை, அது மஸ்ட் நாட். லா ஸயா மலோபூன்னா அவசியமில்ல, அது டோன்ட் ஹேவ் டு. என்னைக் கேட்டா இந்த ஒரு இடத்துக்காகவே பர்மாவுல நினைக்கப் பழகலாம்.

ஆனா மஸ்ட்டோட இன்னொரு முகத்துல தமிழ் திரும்பவும் ஏறி அடிக்கும். கரண்ட் போன நேரத்துல எதிர்வீட்டுல லைட் எரியுதுன்னா "ஜெனரேட்டர் இருக்கணும்"னு சொல்றோம்ல, அதே ணும்தான் தே மஸ்ட் ஹேவ் எ ஜெனரேட்டர். மறுத்தா "அவரா இருக்க முடியாது", இட் கேன்ட் பி ஹிம். அங்க மஸ்ட் நாட் போட்டா தப்பு, நம்ம முடியாதுதான் அப்படியே கேன்ட்.

ஷுட்டைப் பத்தி ரொம்ப இழுக்க வேண்டாம், "போனா நல்லது". கம்ப்யூட்டர் படிக்கிற பசங்களுக்கு நான் சொல்ற உதாரணம் 1997ல வந்த ஆர்எஃப்சி 2119, இன்டர்நெட் விதிமுறைகள்ல வர்ற இந்தச் சொல்லுங்களுக்கு அர்த்தம் வரையறுத்த ஒரு சின்ன டாக்குமென்ட். மஸ்ட்டுக்கும் ஷேலுக்கும் அதுல ஒரே அர்த்தம், கண்டிப்பா செய்யணும். ஷுட்னா தகுந்த காரணம் இருந்தா, பின்விளைவு புரிஞ்சு, விடலாம். மேன்னா உன் இஷ்டம். மத்தபடி ஷேல் இப்ப பேச்சுல ரொம்ப கம்மி, "ஷேல் வி கோ"ன்னு "போலாமா"வுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

பர்மா நம்மள ஏமாத்துற இடம் ஒண்ணு பாக்கி. "நாளைக்கு வர முடியும்"ங்கிறதுக்கு அதுல லா நைங் மே, நைங்குக்குப் பின்னால மே ஒட்டும் (இங்கிலீஷ் மே இல்ல, வருங்காலத்துக்கு வர்ற மே), அதையே அப்படியே கொண்டுபோய் "ஐ வில் கேன் கம்"னு சொல்றாங்க. ஒரு வாக்கியத்துல ரெண்டு மோடல் அடுத்தடுத்து உட்காராது, வில் பி ஏபிள் டு, இல்லன்னா வெறும் ஐ கேன் கம் டுமாரோ. இதுக்குத் தமிழ்ல நினைங்கப்பா, நம்ம முடியும்லயே நாளைக்கும் சேர்ந்தே இருக்கு.