வண்டி தர மறுக்கும் வாடகைக் கடை

இலங்கையின் மலையகத்திலுள்ள அட்டன் நகரை அண்டிய ஒரு மோட்டார் சைக்கிள் வாடகைக் கடையைப் பற்றிய மதிப்பீடு இது. உரிமையாளர் ஆறு வண்டிகளை மட்டும் வைத்து நடத்துகிறார். அதற்கு மேல் ஆட்கள் வந்தால் ஒவ்வொருவரையும் கவனித்து அனுப்ப முடியாது என்பதால் கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை மதிக்கிறேன். பெயரில்லாவிட்டாலும் இதை எழுதுவது பயனுள்ளது என்றே கருதுகிறேன். மலையகத்தில் எந்தக் கடையில் வண்டி எடுக்கப் போகிறவரும் எதைக் கேட்க வேண்டும், எதைக் குனிந்து பார்க்க வேண்டும் என்பதை இந்த ஒரு கடையை வைத்தே சொல்லிவிடலாம்.

டொரொன்டோவில் வளர்ந்த என் சித்தப்பா மகன், அட்டனில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை, வெல்லவாய, எல்ல என்று மலைநாட்டைச் சுற்றிவர வேண்டும் என்ற ஆசையோடு வந்திருந்தான். வருவதற்கு முன்பே இலங்கை பற்றிய பயண ஆலோசனைகளை அவன் கவனமாகப் படித்திருந்தான். 2019 ஏப்ரலில் நடந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும், 2022இல் எரிபொருளுக்காக நின்ற வரிசைகளும் அவன் மனத்தில் பெரிதாக இருந்தன. அவன் பயந்ததில் பிழையில்லை. ஆனால், ஒரு நாடு பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குப் பயன்படும் பதில் கிடைக்காது. எந்த வீதி, எந்த நேரம், நேற்று எவ்வளவு மழை, முன்சக்கரத்து டயர் எந்த ஆண்டில் செய்தது என்று கேட்டால்தான் பதில் வரும். நான் இந்தக் கடையை மதிப்பதற்குக் காரணம், உரிமையாளர் கேட்பவை அனைத்தும் இந்த இரண்டாம் வகைக் கேள்விகள் என்பதே.

கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு கரும்பலகை தொங்குகிறது. அதில் அட்டன், வட்டவளை, தலவாக்கலை, நானுஓயா, வெலிமடை, பண்டாரவளை, கொஸ்லந்தை என்று ஊர்ப் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்று காலை அளந்த மழையின் மில்லிமீட்டர் கணக்கும் சோக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். தேயிலைத் தோட்டங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் காலையில் அளப்பது வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். உரிமையாளர் தமக்குத் தெரிந்த தோட்ட அலுவலகங்களுக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும் தொலைபேசியில் பேசி அந்தக் கணக்கைத் திரட்டுகிறார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் அதன் பக்கத்திலேயே எழுதிவைக்கிறார். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்லும் சிவப்பு என்பது அந்நிறுவனத்தின் பொதுவான அளவுகோல். உரிமையாளர் இதற்கு மேல் தம்முடைய விதியொன்றையும் வைத்திருக்கிறார். தொடர்ந்து இரண்டு நாள் நல்ல மழை பெய்திருந்தால், மூன்றாம் நாள் எச்சரிக்கை எதுவும் வராவிட்டாலும் வெட்டிய மண்மேட்டின் அடியில் போகும் வீதிகளுக்கு அவர் வண்டி தருவதில்லை.

நாங்கள் முதலில் போன நாளில் மாவட்டத்தின் சில பிரிவுகளுக்குச் செம்மஞ்சள் எச்சரிக்கை இருந்தது. காலையில் மழை விட்டு, வெயிலும் எட்டிப் பார்த்தது. தம்பி தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணே, மழைதான் விட்டிருச்சே?" என்றான். "மழை விட்ட பொறகுதான் தம்பி மண்ணு வரும். மலை ஊறிப்போய் இருக்கு. காசைத் திருப்பித் தர்றேன், இல்லாட்டி நாளைக்கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டு, முற்பணத்தை அப்போதே எண்ணி மேசையில் வைத்தார். அவர் சொன்னது சரியானது. மேலே பெய்த நீர் மண்ணுக்குள் இறங்கி அடிப்பாறையை எட்டுவதற்கு நேரம் எடுக்கும். சரிவு மழையோடு வராமல், மழைக்குப் பல மணி நேரம் கழித்து வெயிலடிக்கும்போதும் வரலாம். நாங்கள் போக விரும்பிய பாதையில் கொஸ்லந்தை இருக்கிறது. அதை ஒட்டி மீரியபெத்தைத் தோட்டம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்ததை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. வருமானத்தை இழந்து ஒருவர் 'இன்று வேண்டாம்' என்று சொல்வது எனக்கு எந்த நட்சத்திரத் தரத்தையும் விடப் பெரிது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் 600இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் சரிந்தன. அதன்பின் தாம் முன்பு பரிந்துரைத்து வந்த சில தோட்டப் பாதைகளை அவர் தமது வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார். தற்காலிகமாக மண்ணிட்டு நிரப்பிய வீதியோரம் லொறிக்குத் தாங்குவதுபோலத் தெரிந்தாலும், வளைவில் ஓரமாக ஒதுங்கும் இருசக்கர வண்டிக்கு அது நம்பத்தக்கதல்ல என்பது அவருடைய விளக்கம்.

நாங்கள் மீண்டும் போனபோது வானம் வெளுத்திருந்தது; பலகையில் எல்லா ஊர்களுக்கும் எதிரே ஒற்றை இலக்கம். வண்டியைக் காட்டிய விதத்தை விரிவாகவே எழுத வேண்டும். இரண்டும் 150 சிசி வண்டிகள், பழையவை. 2020 முதல் ஐந்தாண்டு காலம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், இங்கே வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய வண்டிகளாகவே இருக்கும். வயதைக் குறையாகச் சொல்ல முடியாது, பராமரிப்பைத்தான் பார்க்க வேண்டும். அவர் குந்தியிருந்து டயரின் பக்கச் சுவரை ஈரத்துணியால் துடைத்து, அதிலிருந்த நான்கு இலக்கங்களை எங்களுக்குக் காட்டினார். முதல் இரண்டும் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும், கடைசி இரண்டும் எந்த ஆண்டு என்பதையும் குறிக்கும். மூலையில் கழற்றிப் போட்டிருந்த ஒரு டயரையும் எடுத்துவந்து எங்கள் விரல் நகத்தை அதில் அழுத்திப் பார்க்கச் சொன்னார். கோடுகள் ஆழமாகவே இருந்தன. ஆனால் ரப்பர் நகத்துக்கு இளகவில்லை. "பாக்கிறதுக்குப் புதுசு மாதிரி இருக்கும், நனைஞ்ச தார் ரோட்டுல பிடிக்காது" என்றார். புதிய டயரின் விலை தெரிந்தவர்களுக்குத்தான் ஆழமான கோடுள்ள டயரைக் கழற்றிப் போடுவதன் பொருள் புரியும். பிரேக் எண்ணெய் மாற்றிய திகதியும், பிரேக் கட்டை மாற்றிய திகதியும் எரிபொருள் தாங்கியின் அடியில் ஒட்டிய சிறு தாளில் இருந்தன. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும். ஈரம் உறிஞ்சிய பழைய எண்ணெய் கொதித்துக் குமிழிட்டால், பிடியை முழுவதும் அழுத்தினாலும் வண்டி நிற்காது. ஆகவே அந்தத் தாளை எந்தக் கடையிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதன்பிறகு ஓட்டுபவரைச் சோதிக்கிறார். கடைக்குப் பின்னால் லயன்களுக்கு இறங்கும் செங்குத்தான கொங்கிறீட் பாதை உண்டு. அதில் இரண்டாம் கியரில் இறங்கி, சோக்கட்டிக் கோட்டில் நிறுத்தி, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு அதே இடத்திலிருந்து மேலே எடுத்துவர வேண்டும். தம்பி கனடாவில் பெரிய வண்டி ஓட்டியவன். இருந்தும் முதல் இறக்கத்தில் கிளட்சைப் பிடித்தபடியே பிரேக்கில் இறங்கினான். "ஏறுற கியர்லயே எறங்கணும் தம்பி, இஞ்சின் பிடிக்கட்டும்" என்று மறுபடி இறங்கச் செய்தார். எங்களுக்கு முன் வந்திருந்த ஓர் இளைஞரால் அந்தக் கோட்டில் நிறுத்த முடியவில்லை. அவரை முச்சக்கரவண்டியில் போகச் சொல்லி மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். இந்தச் சோதனை யாரையும் அவமதிப்பதற்கானது அல்ல. நானுஓயாவுக்கு அருகிலுள்ள ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ்ஸொன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தைப் பார்த்தவர் எவரும் இந்தச் சோதனையைத் தேவையற்றது என்று சொல்லமாட்டார்.

நேரத்தில் அவர் காட்டும் கண்டிப்பு சிலருக்குப் பிடிக்காது. விடிந்த பின்பே வண்டி வெளியே போக வேண்டும்; மாலை ஐந்து மணிக்குள் அன்றைய தங்குமிடத்தை அடைந்து தகவல் சொல்ல வேண்டும். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20இற்கும் மேற்பட்டோர் இறந்தது விடியாத நேரத்தில். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் விழுந்து 15 பேர் இறந்தது இரவில். இந்த வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு முதல் ஆபத்து, வளைவை வெட்டிக்கொண்டு நம் பக்கத்துக்கு வரும் பெரிய வாகனமே. பகலில் வளைவுக்கு அப்பால் வருவதைச் சில இடங்களிலாவது காண முடியும், ஹோர்ன் அடித்தால் எதிரே வருபவர் விழித்திருக்கவும் வாய்ப்புண்டு. இரவில், அதிலும் மூடுபனியில், இரண்டுமே இல்லை.

சுற்றுப்பாதையை எந்தத் திசையில் போவது என்பதையும் அவரே சொன்னார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, அங்கிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து எல்லவுக்கு ஏறுங்கள் என்றார். கிழக்கு நோக்கிப் போகும்போது மலை நமக்கு இடப்புறம் இருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் பள்ளத்தின் விளிம்பு நம்மைவிட்டு ஒரு வீதி அகலம் தள்ளிப் போய்விடும். எல்ல - வெல்லவாய வீதியின் செங்குத்தான பகுதியும் அப்போது ஏற்றமாக அமைகிறது. ஏற்றத்தில் பிரேக்கை நம்பியிருக்க வேண்டியதில்லை. மழை நாளென்றால் மலையோரம் கல் விழும் பக்கமாகிவிடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதனால்தான் இந்த ஆலோசனை காய்ந்த நாளுக்கு மட்டும். 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியை வீதியில் நின்றே பார்க்கலாம். வளைவுக்கு அருகில் நிறுத்தாமல், நேரான இடத்தில் வண்டியை முழுவதும் வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள் என்று எழுதிக்கொடுத்திருந்தார். குளவிக் கூடுகள் தொங்கும் மரங்களுக்கும் பாறைகளுக்கும் அடியில் நிறுத்தக்கூடாது என்பதும் அதே தாளில் இருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போகும் செய்தியை வாரந்தோறும் கேட்கும் நமக்கு இது தெரியும். வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாது.

அந்தத் தாள் கையால் எழுதப்பட்ட வழிவரைபடம். கைத்தொலைபேசி சமிக்ஞை அறுந்துபோகும் இடங்கள், டிக்கோயா கிளங்கன், நுவரெலியா, பதுளை வைத்தியசாலைகள், அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 ஆகிய இலக்கங்கள் எல்லாம் அதில் உண்டு. பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருகிறார். மழையில் கைத்தொலைபேசித் திரை விரலுக்குக் கட்டுப்படாதபோது இது எவ்வளவு உதவும் என்பதைப் பயணத்தில் உணர்ந்தோம்.

குறைகளும் இருக்கின்றன, அவை சிறியவை அல்ல. தலைக்கவசங்கள் இந்தக் கடையின் மற்ற ஒழுங்குக்கு ஈடாக இல்லை. எங்களுக்குக் கிடைத்தவற்றில் ஒன்றின் கண்ணாடி முழுவதும் கீறல். பட்டிப்பொல பக்கத்து மூடுபனியை அதில் நினைத்துப் பார்க்கவும் முடியாது. எதிரே வரும் விளக்கொளி கீறல்களில் சிதறி, வீதியின் ஓரமே மறைந்துவிடும். வேறொன்று கேட்டபோது உடனே மாற்றித் தந்தார். ஆனால் கேட்டுத்தான் மாற்ற வேண்டியிருந்தது. கையுறைகள் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காலைக் குளிரில் விறைத்த விரல்களால் பிரேக்கை அளந்து பிடிப்பது கடினம், சொந்தமாகக் கொண்டுபோங்கள். காப்புறுதி, வாடகைப் பாவனைக்கென்றே எடுத்தது. வண்டிக்கு ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தோடு காப்புறுதியின் பிரதியையும் தருகிறார், இது நல்லது. ஆயினும் ஓட்டுபவருக்கு ஏற்படும் காயத்தின் செலவை அது ஏற்காது. அதை அவர் வாயால் சொல்கிறாரே தவிர, ஒப்பந்தத் தாளில் தெளிவாக எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மோட்டார் சைக்கிளையும் உள்ளடக்கிய மருத்துவக் காப்புறுதியை அங்கேயே எடுத்துக்கொண்டு வருவது அவசியம்.

ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு 3,500 ரூபாய், மழைக்கோட்டு உட்பட. கடவுச்சீட்டைப் பிணையாக வாங்கி வைப்பதில்லை. முற்பணமும் சாரதி அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் போதும். கடவுச்சீட்டைக் கேட்கும் கடையில், விபத்துக்குப் பின் எந்தப் பேச்சும் நமக்குச் சாதகமாக நடக்காது என்பதால் இதை முக்கியமாகக் கருதுகிறேன். அட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பண்டாரவளை, பசறைப் பக்கம் டிசம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை. ஒக்டோபரிலும் நவம்பரிலும் இரு பக்கமும் இடியும் மழையுமாக இருக்கும். முழுச் சுற்றையும் ஒரே பயணத்தில் போக நினைப்பவர்கள் பெப்ரவரியிலோ மார்ச்சிலோ வருவது நல்லது. அப்போதும் முதல் நாள் மாலையில் பேசிவிட்டுப் போங்கள். அடுத்த நாள் வண்டி உண்டா இல்லையா என்பதைக் காலையில் மழைக்கணக்கு வந்த பிறகுதான் சொல்வார், அதற்கேற்ப ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு வர வேண்டும்.