மூட்டுவலிக்கு ‘தொப்புள்கொடி ஸ்டெம் செல்’ ஊசி: வன்னி மக்களின் கவனத்துக்கு

வவுனியாவில் ஒரு மண்டபத்தில் நடந்த மூட்டுவலி முகாமில், ‘தொப்புள்கொடி ஸ்டெம் செல்’ (வேறு வகைக் கலங்களாக மாறி வளரக்கூடிய உயிருள்ள மூலக் கலங்கள்) என்று கூறி என் தாயாரின் இரண்டு முழங்கால்களிலும் ஊசி ஏற்றி, நான்கு இலட்சம் ரூபாய் வாங்கினார்கள். முள்ளியவளை வயல்களில் குனிந்து நிமிர்ந்தே தேய்ந்த அந்த மூட்டுகளில் குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்றும், இனிச் சத்திரசிகிச்சையே வேண்டியிராது என்றும் உறுதியளித்தார்கள். கனடாவிலிருந்து அண்ணா பணம் அனுப்பினார். மறுநாளே வலது முழங்கால் வீங்கிச் சூடேறியது. அரச வைத்தியசாலையில் மூட்டு நீரை உறிஞ்சிப் பரிசோதித்து, கிருமித்தொற்று என்று கண்டு, விடுதியில் அனுமதித்து மருந்து ஏற்றினார்கள். முகாம்காரரின் தொலைபேசி அதன்பின் இயங்கவில்லை.

பற்றுச்சீட்டில் ‘மூட்டுச் சிகிச்சை’ என்று மட்டுமே இருந்தது. மருந்தின் பெயரோ, தயாரிப்பாளரின் பெயரோ, தொகுதி இலக்கமோ இல்லாததால், என்ன ஏற்றினார்கள் என்று வைத்தியர்கள் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. பணம் போனதைவிட இதுவே எனக்குப் பெரிய கொடுமையாகப்பட்டது. உயிருள்ள கலங்களைச் சேமித்து வைப்பதற்குத் திரவ நைதரசனின் கடுங்குளிர் வேண்டும். இல்லையேல், ஆய்வுகூடத்திலிருந்து எடுத்த குறுகிய நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். அம்மாவுக்கு ஏற்றிய சிறு போத்தல்களோ, காலையிலிருந்து மண்டபத்து மூலையில் கிடந்த சாதாரண ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை.

இந்தியாவில் அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு பத்திரிகை நறுக்கையும் காட்டினார்கள். 2022 இல் அங்கு முழங்கால் தேய்வுக்காக அனுமதிக்கப்பட்டது, கொடையாளரின் என்பு மச்சையிலிருந்து தயாரிக்கப்படும் வேறொரு மருந்து. தொப்புள்கொடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் 475 பேரிடம் நடத்தி 2023 இல் வெளியிட்ட ஆய்விலோ, தொப்புள்கொடிக் கலங்கள் உட்பட எந்தக் கல ஊசியும் ஓராண்டு முடிவில் வழமையான ஸ்டீரொயிட் ஊசியைவிட மேலான பலனைத் தரவில்லை. அதே நாட்டில் 2018 இல் தொப்புள்கொடிக் குருதியிலிருந்து தயாரித்த ஊசிகளால் 12 பேர் கிருமித்தொற்றுக்கு ஆளாகி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆகவே ஊசிக்குச் சம்மதிக்கும் முன், வைத்தியரின் இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கத்தையும், நிலையத்தின் தனியார் சுகாதாரப் பதிவையும், மருந்தின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையிடமும் விசாரிக்கலாம். நாங்கள் முறைப்பாடு செய்திருக்கிறோம். இத்தகைய முகாமில் ஏற்கெனவே ஊசி போட்டவர்கள், மூட்டில் சூடோ வீக்கமோ, உடலில் காய்ச்சலோ கண்டால், ‘மருந்து வேலை செய்கிறது’ என்ற பேச்சை நம்பிக் காத்திராமல் அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கையிலுள்ள பற்றுச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.