நான்ஸி டி.வி.ஆர்.: அந்த 'டொக்' சத்தம்

பிரான்ஸின் நான்ஸி நகரத்தில் 2025 ஏப்ரலில் புது டிராலிபஸ் (மேலே போகும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்) வந்ததிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்: பழைய டி.வி.ஆர்., அதாவது பாதி பஸ் பாதி டிராம் மாதிரி ஓடிய அந்த வண்டி, நிஜமாகவே அவ்வளவு மோசமா? பல வருஷம் அதில் வேலைக்குப் போய்வந்தவன், எழுதிவிடுகிறேன்.

ரப்பர் டயர், தரையில் வழிகாட்ட ஒற்றைத் தண்டவாளம், மேலே மின்சாரத்துக்கு இரட்டைக் கம்பி. இதெல்லாம் தெரிந்ததுதான். என்னை வதைத்தது தண்டவாளத்தைப் பிடிக்கும் இடமும் விடும் இடமும். வழி முழுக்கத் தண்டவாளம் கிடையாது. இல்லாத இடத்தில் டிரைவர் ஸ்டீயரிங் பிடித்து ஓட்ட வேண்டும். மாறும் இடம் வந்ததும் வண்டி ஊர்ந்து போய், அடியில் தண்டவாளத்தைப் பிடிக்கும் உருளை இறங்கி 'டொக்' என்று உட்காரும். நின்றுகொண்டு போகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை ஆடுவார்கள். தண்டவாளமும் வேண்டும், ஸ்டீயரிங்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டதில் இரண்டின் தொல்லையும் சேர்ந்து வந்தது. ஆரம்பித்த சில மாதங்களிலேயே, 2001 மார்ச்சில், அடுத்தடுத்து விபத்து. ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடவே இல்லை.

டயர்கள் எப்போதும் ஒரே கோட்டில் உருண்டதால் சாலை அங்கேயே பள்ளம் விழுந்தது வேறு. தண்டவாளப் பகுதியில்தான் அதிகக் குலுக்கல், இதை என்ன சொல்ல!

ஆனால் நிறுத்தத்தில் வந்து நிற்கும் அழகு இருக்கிறதே! கதவு நடைமேடையை ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கும். குழந்தை வண்டியைத் தூக்கவே வேண்டாம், உருட்டினால் போதும். பிராபுவா மருத்துவமனைப் பக்கம் ஏறும் மேடு சுமார் 13 சதவீதச் சரிவு. இரும்புச் சக்கர டிராமுக்குக் கஷ்டமான அந்த ஏற்றத்தில் இது சளைக்காமல் ஏறியது.

பிரான்ஸில் நான்ஸியையும் நார்மண்டியின் கான் நகரத்தையும் தவிர யாரும் இதை வாங்கவில்லை. ஊருக்கு ஊர் ஓடாத வண்டிக்கு உதிரிபாகம் எங்கே போய்த் தேடுவது? கான் 2017 கடைசியில் நிறுத்திவிட்டு 2019இல் அசல் டிராமுக்கு மாறியது. நான்ஸியிலும் டிராம் திட்டம் போட்டார்கள், பிறகு கைவிட்டார்கள். 2023 மார்ச்சில் டி.வி.ஆர். நின்றது, அதன் பிறகு இரண்டு வருஷம் சாதாரண பஸ்தான்.

புது டிராலிபஸ் சத்தமில்லை, 'டொக்' இல்லை, கம்பி இல்லாத இடத்தில் பேட்டரியில் போகிறது. நடைமேடையை ஒட்டி நிற்பது மட்டும் டிரைவரின் கைவாக்கைப் பொறுத்தது.

சரி, தீர்ப்பு. டி.வி.ஆர். மோசமான வண்டிதான், நிறுத்தியது நியாயம். ஆனாலும் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் நான் பழையதில்தான் ஏறுவேன்.