தேக்கடி மூங்கில் தெப்பம்: பேசாமல் இருக்கத் தெரிந்த பத்துப் பேருக்கு

'ராஃப்டிங்' என்ற பெயரை நம்பி வெள்ளை நுரை, பாறை, கூச்சல் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு மதியத்துக்குள் முகம் சுருங்கிவிடும். தேக்கடியில் ஆறு ஓடவில்லை, அணையால் தேங்கி நிற்கிறது. பெரியாறு புலிகள் காப்பகம் நடத்தும் இந்தப் பயணம் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிவாக்கில் முடியும். தெப்பத்தில் இருப்பது மூன்று மணி நேரம்தான். மீதியெல்லாம் நடை, சாப்பாடு, மரத்தடியில் உட்கார்ந்து அக்கரையைப் பார்ப்பது. நடக்க அலுக்கும் கூட்டத்துக்கு இது வீண் செலவு. நடப்பவர்கள் தாராளமாக வரலாம்.

ஒரு பயணத்துக்குப் பத்துப் பேர் வரைதான். கூடவே ஐந்து வழிகாட்டிகளும் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும் வருவார்கள். அதனால் நண்பர்கள் எட்டிலிருந்து பத்துப் பேராகச் சேர்ந்து மொத்தமாகப் பதிவு செய்வதுதான் புத்திசாலித்தனம். நான்கு பேராகப் போனால் முன்பின் தெரியாத ஆறு பேரோடு நாள் முழுக்க இருக்க வேண்டிவரும். அதில் ஒருவர் போனில் பாட்டுப் போட்டால் போதும், ஒரு மிளா மான்கூட கரைக்கு வராது. பன்னிரண்டு பேராகப் போய்க் கெஞ்சிப் பார்ப்பதிலும் பயனில்லை. வார இறுதி, பொங்கல், மே மாத விடுமுறை என்றால் முன்கூட்டியே ஆன்லைனில் பதிந்துவிட வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் பழைய வீடியோக்களில் சொல்லும் தொகையை நம்பி வசூல் செய்ய வேண்டாம். எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

எந்த மாதம் போவது? தேனிப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு எளிய வழி உண்டு. செய்தித்தாளில் தினமும் வருகிற பெரியாறு அணை மட்டத்தைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பிறகு 142 அடி வரை தேக்கலாம். மட்டம் அதை நெருங்கும்போது தண்ணீர் காட்டின் ஓரத்தைத் தொட்டு நிற்கும்; காட்சி அழகுதான், ஆனால் மிருகம் கண்ணில் படுவது குறைவு, அவற்றுக்குக் காட்டுக்குள்ளேயே தண்ணீர் இருக்கும். பிப்ரவரியிலிருந்து உள்ளே ஓடைகள் வற்ற, ஏரி மட்டமும் இறங்கி, கரையில் புல்வெளி விரியும். யானைக் கூட்டமும் காட்டெருமையும் அங்கே இறங்கும். அதற்கு விலையும் உண்டு: வெயில் கொளுத்தும், சேற்றில் கால் புதையும், நடை கூடும். புலி? காப்பகத்தின் பெயரில் இருக்கிறது. கால்தடமும் மரத்தில் நகக்கீறலும் கிடைத்தாலே நல்ல நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தின் உயிர் வழிகாட்டிகள்தான். காப்பகத்தின் வழிகாட்டிகளில் ஒரு பகுதியினர் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணை என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்தவர்கள். 1990களின் பிற்பகுதியில் அவர்களைக் குழுவாக்கி, வழக்குக்கும் வனத்துறைக்கும் பயந்து நடந்த அதே பாதைகளில் வழிகாட்டும் வேலையைக் கொடுத்தார்கள். மன்னான், பளியர் பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். தமிழ் தாராளமாகப் புழங்கும். யானைச் சாணத்தைக் கிளறி எவ்வளவு நேரத்துக்கு முந்தியது என்பார்கள், கருமந்தி உறுமினால் நின்று கவனிப்பார்கள். வழிகாட்டி கையை உயர்த்தினால் நிற்க வேண்டும், 'என்னண்ணே?' என்று கேட்கக் கூடாது. கேள்விகளைச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தெப்பம் எளிமையானது. தடித்த மூங்கில்களை அடுக்கிக் கட்டி, மேலே உட்காரப் பலகைபோல் மூங்கிலாலேயே இருக்கை. மூங்கிலின் கணுக்களுக்கு இடையே காற்று அடைந்திருப்பதால் மேலே தண்ணீர் ஏறினாலும் தெப்பம் மிதக்கும். ஆனால் இடுக்குகள் வழியே தண்ணீர் ஏறிக் கால் நனையத்தான் செய்யும். பையைக் காலடியில் வைக்காமல் மடியில் வையுங்கள், போனை ஜிப் உறையில் போடுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் பக்கப் பட்டைகளை இறுக்கிக்கொள்ளுங்கள். தொளதொளவென்று விட்டால் தண்ணீரில் விழும்போது அது முகத்துக்கு மேலே ஏறிவிடும். யானை தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பதுதான் பெரிய தப்பு. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தெப்பம் தாழ்வானது, அகலமானது என்ற தைரியத்தில் அதை மறந்துவிட வேண்டாம்.

துடுப்பு போட விருப்பமுள்ளவர்களும் போடலாம். எதிர்க்காற்று அடித்தால் தெப்பம் நகர மறுக்கும், அப்போது பத்துப் பேரில் யார் சோம்பேறி என்பது தெரிந்துவிடும். சுற்றிலும் மொட்டை மரங்கள். 1895-ல் அணை திறந்தபோது மூழ்கிய காடு அது. நீருக்கடியில் காற்றுப் புகாததால் மரம் எளிதில் மக்குவதில்லை. மட்டம் ஏறி இறங்கும் இடத்தில்தான் நனைந்து காய்ந்து உளுக்கிறது. அந்த மொட்டைகளின் உச்சியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கையை விரித்துக் காயவைத்திருக்கும். மோட்டார் படகில் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவரும்போது இதைப் பார்க்கலாம், ஆனால் எஞ்சின் சத்தத்துக்கு மேல் எதுவும் காதில் விழாது. தெப்பத்தில் நீர்நாய் மீனைக் கடிக்கும் சத்தம்கூடக் கேட்கும்.

ரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றிச் சொல்லாமல் தேக்கடி விமர்சனம் முடியாது. ஜூனிலிருந்து நவம்பர் வரை அதன் ராஜ்யம். சாதாரண சாக்ஸின் நெய்தலுக்குள் அது நுழைந்துவிடும், அதனால் முழங்கால் வரை வருகிற நெருக்கமான துணி உறையைத் தருகிறார்கள். பேண்ட்டை உறைக்குள்ளே விட்டு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டி, பிறகு ஷூ போட வேண்டும். வரிசை மாறினால் பயனில்லை. ஷூவின் மேல் மூக்குப்பொடியோ உப்போ தேய்த்தால் ஏறாது. ஓடையைக் கடந்தால் கரைந்துவிடும், மறுபடி தேய்க்க வேண்டும். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் வாய்ப் பக்கம் நெம்பிவிட்டால் போதும். ரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயமில்லை.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், தொடையை உரசிப் புண்ணாக்கும். மங்கிய பச்சை, காக்கி, பழுப்பு நிறங்கள் நல்லது. தொப்பி கட்டாயம், தெப்பத்தில் நிழலே இல்லை. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். சாப்பாடு எளிமையாகத்தான் இருக்கும், அதைக் குறை சொல்லி மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை. நிலக்கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையோடு வேண்டாம்.

கம்பத்திலிருந்து வருபவர்கள் காலை 6 மணிக்குக் கிளம்பிவிடுவது நல்லது. லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் ஒரு லாரி நின்றாலும் 8 மணி தவறிவிடும், தெப்பம் காத்திருக்காது. சபரிமலை சீசனில் கூட்டம் மிகுந்த நாட்களில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதால் முந்தைய இரவே குமுளியில் தங்கிவிடுங்கள். வண்டியில் ஆளுக்கொரு காய்ந்த செருப்பும் பழைய துண்டும் இருக்கட்டும். மாலையில் ஷூவைக் கழற்றும்போது கீழே செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள், ஓரிரு அட்டைகள் அப்போதுதான் வெளியே வரும்.