பாலில்லாத நோர்மா: பலெர்மோவில் ஆறு ஆண்டுச் சமையல்

சிசிலித் தீவின் கத்தானியா நகரில் இருக்கும் தோழி ஒருத்தி போன கிழமை தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, நீங்கள் முன்பு வாங்கும் பாலில்லாத சீஸை இங்கே பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். நாலு பொதி வாங்கி வைக்கட்டுமா?" வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். காரணத்தை ஆறுதலாக விளக்க அப்போது நேரம் இருக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் மகள் மீனையும் முட்டையையும் பாலையும் விட்டு ஆறு ஆண்டுகளாகின்றன. அதே தீவின் பலெர்மோ நகரில் நான் வேலை செய்த வீட்டுப் பாட்டியம்மாவிடம் கற்ற சிசிலியச் சமையலை விட்டுவிட மனமில்லாமல், ஒவ்வோர் உணவாக எடுத்து வீகன் முறைக்கு மாற்றிப் பார்த்தேன். பலவற்றில் மாற்றுவதற்கு எதுவுமே இருக்கவில்லை. கடலைமாவைத் தண்ணீரில் கரைத்துக் கிண்டி, ஆறவிட்டு வெட்டிப் பொரிக்கும் பனெல்லே, காய்ந்த ஃபாவா அவரையைக் குழைய வேகவைத்துக் காட்டுப் பெருஞ்சீரகக் கீரை சேர்க்கும் மாக்கோ, பாதாம் பாலையும் மாவையும் காய்ச்சி உறையவிடும் பியாங்கோமஞ்சாரே ஆகிய மூன்றையும் பாட்டியம்மா காட்டித்தந்தபடியே இன்றும் செய்கிறேன். கன்னோலி, கசாத்தா என்னும் இனிப்புகள் வேறு கதை. செம்மறிப்பாலின் ரிக்கோத்தா இல்லாமல் அவற்றைச் செய்ய மூன்று முறை முயன்று, மூன்று முறையும் தோற்று, விட்டுவிட்டேன்.

என் கோபம் முழுவதும் நோர்மாவைப் பற்றியது. கத்தானியாவின் உணவான இது பொரித்த கத்தரிக்காய், தக்காளிக் குழம்பு, துளசியின் இனமான பசிலிக்கோ இலை, மேலே துருவிய ரிக்கோத்தா சலாத்தா ஆகியவை சேர்ந்த பாஸ்தா. சீஸ் வடித்தபின் எஞ்சும் நீரைச் சூடாக்கித் திரளும் புரதத்திலிருந்து ரிக்கோத்தா பிறக்கிறது. அதை அழுத்தி, உப்பிட்டு, காயவைத்தால் ரிக்கோத்தா சலாத்தா. சூட்டினாலேயே திரண்ட புரதம் ஆகையால், கொதிக்கும் பாஸ்தாவின்மேல் விழுந்தாலும் அது உருகாது; வெண்மையாகவும் உப்பாகவும் உதிரியாகவும் அப்படியே கிடந்து, எண்ணெய் குடித்த கத்தரிக்காயின் கனத்தைக் குறைக்கும். பொதியில் வரும் பாலில்லாத சீஸ் கட்டியோ தேங்காய் எண்ணெயையும் மாப்பொருளையும் இறுக்கிச் செய்தது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்கு மேல் உருகிவிடும். பலெர்மோவின் கோடையில் என் சமையலறை 30 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. துருவும்போதே கையில் ஒட்டுகிறது, பாஸ்தாவில் விழுந்ததும் பசையாகிறது, தட்டின் அடியில் எண்ணெய் தேங்குகிறது. நன்றாக உருகும் என்று பொதியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நோர்மாவுக்கு வேண்டியது உருகாமை அல்லவா? ஆறு ஆண்டுகளில் நான்கு தயாரிப்பாளர்களின் கட்டிகளை வாங்கிவிட்டேன். ஒருவராவது இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வளையம் வளையமான அனெல்லெத்தி பாஸ்தாவைக் கத்தரிக்காயோடு அடுக்கிப் போறணையில் வேகவைக்கும்போது அதே கட்டி உருகிப் பிணைந்து, வெட்டினால் துண்டு சிதறாமல் வருகிறது. என் மகள் பிறந்தநாளுக்குக் கேட்பது அந்த உணவைத்தான்.

நோர்மாவுக்கு நானே ஒரு கட்டி செய்து பார்த்தேன். தோல் நீக்கிய பாதாம் 200 கிராமை ஊறவைத்து அரைத்து, எலுமிச்சைச் சாறும் தாராளமாக உப்பும் சேர்த்து, துணியில் கட்டி ஓர் இரவு பாரம் வைத்து, மறுநாள் போறணையில் மெல்லிய சூட்டில் உலரவிட்டு, மூன்று நாள் குளிரில் வைத்தால், அது துருவலாக உதிர்கிறது, உருகுவதில்லை. பாலின் புளிப்பும் ஆட்டுவாசமும் இல்லைதான். ஆனாலும் வாயில் அது செய்யும் வேலை சரியாக இருக்கிறது.

அதைவிட எளிய வழியைப் பாட்டியம்மா எனக்கு முன்பே காட்டியிருந்தார், நான்தான் கவனிக்கவில்லை. பழைய பாணை (ரொட்டியை) உதிர்த்து, சிறிது ஒலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, சீஸ் வாங்க முடியாத வீடுகளில் பாஸ்தாவின்மேல் தூவுவார்கள். இத்தூளுக்கு இத்தாலிய மொழியில் மொல்லிக்கா என்று பெயர். அச்சொல்லின் ‘ல்ல’ சிசிலியர் வாயில் நம் டகரத்துக்கு நெருங்கிய ஒலியாகிவிடும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. சாளை மீனும் காட்டுப் பெருஞ்சீரகக் கீரையும் சேரும் பாஸ்தாவிலும் இதே தூள்தான் விழும். மீனில்லாமல் அதைச் சமைத்தால் ‘சாளை கடலிலேயே இருக்கிறது’ என்று பொருள்படும் பெயர் அதற்கு உண்டு. பலர் அதிலும் நெத்தலி கரைப்பார்கள். நான் உப்பிலிட்ட, பந்தெல்லேரியாத் தீவின் கேப்பர்ச் செடி மொட்டைக் கழுவிச் சேர்க்கிறேன். குங்குமப்பூவும் முந்திரிகை (திராட்சை) வற்றலும் பைன் கொட்டையும் இருக்கும்போது எதுவும் குறைவதாகத் தோன்றுவதில்லை.

என்னை வியக்கவைத்தது பூசணிக்காய். விரலளவு தடிப்பான துண்டுகளை உள்ளி சேர்த்த ஒலிவ் எண்ணெயில் பொரித்து, வினாகிரியும் சீனியும் ஊற்றிச் சுண்டவிட்டு, புதினா கிள்ளிப் போடும் இவ்வுணவுக்கு ‘ஏழு குழாயின் ஈரல்’ என்று பெயர். வூச்சிரியாச் சந்தையருகே கர்ரஃபெல்லோ நீரூற்றில் ஏழு குழாய்கள் உண்டு. ஈரல் வாங்க வழியில்லாத அவ்விடத்து ஏழைகள், பணக்காரரின் ஈரல் சமையலைப் பூசணியில் செய்தார்கள் என்பது இங்கே வழங்கும் கதை. அவர்கள் ஈரலின் சுவையைத் தேடியதாக எனக்குத் தோன்றவில்லை. புளிப்பையும் இனிப்பையும் புதினாவையும் எடுத்துக்கொண்டு, பூசணியைப் பூசணியாகவே விட்டிருக்கிறார்கள். பொதிக் கட்டி செய்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

பாதாம் கட்டி துருவிய நோர்மா நன்றாக இருக்கும் என்று மேலே எழுதியது உண்மை. ஆயினும் நான் இனி நோர்மா சமைப்பதாக இல்லை. பாட்டியம்மாவின் கையால் உண்ட நோர்மா நினைவில் இருக்கும்வரை, மற்ற எல்லாம் எனக்குக் குறையாகவே படும். மகள் கேட்டால் பாண் தூளோடு கத்தரிக்காய் பாஸ்தா செய்து கொடுப்பேன். அதை அந்தப் பெயரால் அழைக்கமாட்டேன்.

தோழி ஞாயிறன்று பேருந்தில் வருகிறாள். பல்லரோச் சந்தையில் பூசணிக் கீற்று வாங்கிச் சனி இரவே பொரித்து வைக்க வேண்டும். ஆறி, வினாகிரி ஊறி, மறுநாள்தான் அது ருசிக்கும்.