புதுவயல் தூசியில் ஒரு .32 பிஸ்டல்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காரைக்குடிப் பக்கத்து வியாபாரிகள் சிலர் துப்பாக்கி லைசன்ஸ் கைக்கு வந்ததும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, சின்ன பிஸ்டல் வாங்கலாமா, ரிவால்வரே போதுமா என்பதுதான். ஆறேழு வருடமாக .32 பிஸ்டல் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடுகிறேன். கடைக்காரர் சொல்லாத விஷயங்களை எழுதிவைத்தால் யாருக்காவது உதவும். எந்த ஆலையின் தயாரிப்பு என்பதை எழுதவில்லை. சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த வகைப் பிஸ்டல்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

புதுவயலில் எனக்கு ரைஸ் மில். அறுவடை நேரத்தில் நெல் கொண்டுவருகிறவர்களுக்குப் பணமாகவே கொடுக்க வேண்டியிருக்கும். காரைக்குடியில் வங்கிக்குப் போய்விட்டு மில்லுக்கு வருவதும், மில்லைப் பூட்டிவிட்டு இருட்டில் பள்ளத்தூர் வீட்டுக்குத் திரும்புவதும் வழக்கம். வீடும் நம்மூர் வீடு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெரு நீளம், பாதி அறைகள் பூட்டியே கிடக்கும், இருப்பது நாலு பேர். இதையெல்லாம் விளக்கித்தான் விண்ணப்பம் கொடுத்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு 9 மி.மீ. பிஸ்டல் வேண்டும் என்று சிலர் வருகிறார்கள். நம் நாட்டில் அது தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசன்ஸில் நமக்குக் கிடைப்பது .32, .25, .22 போன்றவைதான் (இந்த எண்கள் குழலின் உள்விட்டம், அங்குலத்தில்). அதிலும் .32 என்ற ஒரே பெயரில் இரண்டு தோட்டாக்கள் இருக்கின்றன. பிஸ்டலுக்கானது 7.65×17 மி.மீ. (விட்டமும் தோட்டாக் கூட்டின் நீளமும்). நம் ஊர் ரிவால்வர்களுக்கானது 7.65×23 மி.மீ. ஒன்றுக்கு உள்ளதை இன்னொன்றில் போடக்கூடாது. வாங்கும்போது பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பிஸ்டல் தோட்டா அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, 1899-இல் பெல்ஜியத்தின் எஃப்.என். துப்பாக்கிக் கம்பெனி மூலம் வந்தது. குண்டு 71 கிரெய்ன், அதாவது சுமார் நாலரை கிராம். வேகம் நொடிக்கு முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வலுவில்லாத தோட்டா என்பார்கள், உண்மைதான். ஆனால் உதைப்பு குறைவு என்பதால் கைக்குள் அடங்குகிற பிஸ்டலிலும் கை நடுங்காமல் சுட முடிகிறது. பாதுகாப்புக்காக வைத்திருக்கிற ஆள் எப்போதாவதுதான் பழகப்போகிறான். அப்படிப்பட்டவனுக்கு இது பெரிய விஷயம்.

சரி, நம்பகத்தன்மைக்கு வருகிறேன். என் அனுபவத்தில் பிஸ்டல் நின்றுபோனதற்கெல்லாம் காரணம் மூன்றே இடங்களில்தான் இருந்தது: மேகசின் (பிடிக்குள் செருகுகிற தோட்டாப் பெட்டி), தோட்டா, தூசி. குழலோ, சுடும்போது முன்னும் பின்னும் ஓடுகிற மேல்பகுதியான ஸ்லைடோ ஒருநாளும் தகராறு செய்ததில்லை.

வாங்கிய முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் இரண்டு மூன்று குண்டுக்கு ஒருமுறை, சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டா வெளியே விழாமல் ஸ்லைடின் வாயில் நட்டுக்குத்தலாக நிற்க ஆரம்பித்தது. மதுரையில் துப்பாக்கி பழுது பார்க்கிறவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மேகசினின் அடித்தட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். துணியில் பழுப்பு நிறத்தில் களி போல ஒன்று அப்பியிருந்தது. “அண்ணே, என்ன தொழில் பண்றீங்க?” என்றார். ரைஸ் மில் என்றதும் சிரித்துவிட்டு, “பிஸ்டல்ல கோளாறு இல்லண்ணே. எண்ணெயைக் குறைங்க, மேகசினை அடிக்கடி பிரிச்சுத் துடைங்க” என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. மில்லில் பறக்கிற தூசி வெறும் மண் இல்லை. உமியில் சிலிக்கா அதிகம், தவிட்டில் எண்ணெய்ப்பசை இருக்கும். பிஸ்டலுக்கு விட்ட எண்ணெயோடு இரண்டும் சேர்ந்தால் மேகசினுக்குள் தோட்டா மேலேறுவது மந்தமாகும், ஸ்லைடின் ஓட்டமும் தளரும். இந்த வகைப் பிஸ்டலில் ஸ்லைடைப் பூட்டிப்பிடிக்கிற அமைப்பு எதுவும் கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் எல்லாம். ஓட்டம் கொஞ்சம் தளர்ந்தாலும் வெற்றுத் தோட்டா மாட்டிக்கொள்ளும். பிடி தளர்ந்த கையும் இதையே செய்யும், அதையும் கவனிக்க வேண்டும். இப்போது ஸ்லைடு ஓடுகிற பள்ளத்தில் ஒரு துளி எண்ணெய் மட்டும் விடுகிறேன். மேகசினுக்குள் எண்ணெயே கிடையாது, உலர்ந்த துணிதான். தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கிற ஊசி ஓடுகிற துளைக்குள்ளும் விடக்கூடாது. அங்கே பசை சேர்ந்தால் ஊசி மெதுவாகத் தட்டி, தோட்டா வெடிக்காமல் போகும்.

அடுத்தது இந்தத் தோட்டாவுக்கே உரிய ஒரு கோளாறு. இதன் அடி விளிம்பு உடம்பைவிடச் சற்றே அகலமானது. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ள தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அது பின்னால் நழுவிப்போனால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். அப்புறம் ஸ்லைடை எத்தனை தரம் இழுத்தாலும் பலன் இல்லை. மேகசினைக் கழற்றி, கையால் தோட்டாவைப் பிரித்தெடுத்தால்தான் சரியாகும். நெருக்கடியில் யாரால் அது முடியும்? நீளம் குறைந்த, முனை குழிந்த குண்டு உள்ள தோட்டாக்களில் முன்னும் பின்னும் நகர இடம் இருப்பதால் இது அதிகம் வரும். நான் உருண்டை முனையுள்ள முழு நீளத் தோட்டாவை மட்டுமே போடுகிறேன். ஒவ்வொன்றாகப் பின்சுவரை ஒட்டி அழுத்தி ஏற்றி, கடைசியில் மேலிருந்து பார்த்து விளிம்புகளின் வரிசையைச் சரிபார்க்கிறேன்.

தோட்டாவின் வயதும் முக்கியம். வருடக்கணக்கில் இடுப்பில் கிடந்து வேர்வையும் வெயிலும் பட்ட தோட்டாவை நம்பக்கூடாது. பித்தளை கறுத்துப் பச்சை பூத்த தோட்டாக்களை ரேஞ்சில் சுட்டுப் பார்த்ததில் சில வெடிக்கவே இல்லை. அப்படி ஆனால் குழலின் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே அரை நிமிடம் பிடித்திருந்துவிட்டு அதன் பிறகு வெளியே எடுக்க வேண்டும். இடுப்பில் இருப்பவற்றை வருடம் ஒருமுறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதைப் போடுகிறேன். லைசன்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாது, விலையும் கூட. ஆனாலும் இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

துல்லியம் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. சின்ன பிஸ்டல் குறி தவறும் என்கிறார்கள். இதன் குழல் பிஸ்டலின் உடற்சட்டத்தோடு அசையாமல் பொருந்தியிருப்பது. மேசையில் மணல்மூட்டை வைத்து, அதன் மேல் கையை ஊன்றிச் சுட்டால் பத்து மீட்டரில் எல்லாக் குண்டும் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. எழுந்து நின்று சுட்டால் அதுவே இரண்டு மடங்கு விரிகிறது. பிஸ்டல் அதேதான், மாறியது நான். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. குறி பார்க்கக் குழலின் மேல் இருக்கிற முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி 12 செ.மீ. என்றால், முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பத்து மீட்டரில் குண்டு எட்டு செ.மீ.க்கு மேல் தள்ளிப் படும். பெரிய பிஸ்டலில் அந்த இடைவெளி 16 செ.மீ. இருந்தால் விலகல் ஆறு செ.மீ. சொச்சம். அதோடு இந்தப் பிஸ்டல்களில் குறிகள் அரிசி மணி அளவுக்குத்தான் இருக்கும், சாயங்கால வெளிச்சத்தில் கறுப்புக்குள் கறுப்பாக மறைந்துவிடும். முன் குறியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தபிறகு எனக்குக் கண்கூடாக வித்தியாசம் தெரிந்தது. பத்து ரூபாய் கூடச் செலவில்லை.

சுட விரலால் இழுக்கிற விசையும் கனமானது. அதற்கு மருந்து பழக்கம்தான். போலித் தோட்டா போட்டு, வீட்டில் கெட்டியான செங்கல் சுவரைப் பார்த்து, முன் குறி அசையாமல் விசையை இழுத்துப் பழகுகிறேன். உண்மைத் தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. என் வயதுக்காரர் ஒருவர் இப்படி ஒரே மழைக்காலத்தில் பழகி, ரேஞ்சில் என்னைவிட நன்றாகச் சுடுகிறார்.

இனி இடுப்பில் வைப்பது. 2016 ஆயுத விதிகள்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுவதும் மூடியபடி, நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு திரிவதும், கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவதும் குற்றம். நமக்கோ தினசரி உடுப்பு வேட்டி. வேட்டிக் கட்டில் ஹோல்ஸ்டர் நிற்காது, நடக்க நடக்கச் சரியும். பெரியவர்கள் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டைப் பார்த்து எனக்கு யோசனை வந்தது. அதே அகலத்தில் இரட்டைத் தோலில் பெல்ட் தைத்து, விசையை முழுதாக மூடுகிற உறையை அதில் கோத்துக்கொண்டேன். மேலே சட்டை தொங்கினால் ஒன்றும் தெரிவதில்லை. இங்கேதான் பிஸ்டல் ரிவால்வரை ஜெயிக்கிறது. தட்டையாக ஒட்டிக்கொள்ளும், ரிவால்வரில் தோட்டா உட்காருகிற உருளைச் சிலிண்டர் மாதிரி எதுவும் புடைத்துக்கொண்டு நிற்காது.

வேர்வைதான் பெரிய எதிரி. சித்திரை வைகாசியில் உடம்பை ஒட்டிய பக்கம் ஒரே வாரத்தில் செம்புள்ளி விழுகிறது. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் ராத்திரி பிஸ்டலை அதற்குள் விடவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் மேகசினைக் கழற்றி, சேம்பர் (குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காருகிற இடம்) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, துடைத்துப் பெட்டகத்தில் பூட்டுகிறேன். தோட்டாவுக்குத் தனி அறை, தனிச் சாவி. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிற வீடு. இந்த விஷயத்தில் சமாதானமே கிடையாது.

வெளியே போகும்போதும் சேம்பரைக் காலியாகத்தான் வைக்கிறேன். பழைய பிரௌனிங் அமைப்பைப் பின்பற்றிய பிஸ்டல்கள் பலவற்றில், கீழே விழுந்தால் ஊசியைத் தடுக்கிற தனிப் பூட்டு கிடையாது. ஸ்லைடை இழுக்க ஒரு நொடி கூடுதலாகும், ஆகட்டும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். 2024 மக்களவைத் தேர்தலில் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தன. கோடையில் இரண்டரை மாதத்துக்கு மேல் அலமாரியில் கிடக்கும் என்பதால் அப்போது மட்டும் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, உறையில்லாமல் துணியில் சுற்றிக் கொடுத்து ரசீது வாங்கினேன். திரும்ப வந்ததும் அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ரேஞ்சில் ஒரு மேகசின் சுட்டுப் பார்த்தபிறகுதான் இடுப்பில் வைத்தேன்.

ஆக, யாருக்கு எது? மாதம் ஒருமுறையாவது பிரித்துத் துடைக்கவும், வருடத்தில் சில தடவை ரேஞ்சுக்குப் போகவும் மனமும் நேரமும் உள்ளவருக்குச் சின்ன பிஸ்டல் நல்ல துணை. வாங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு ஆபத்து வந்தால் எடுப்பேன் என்பவர் ரிவால்வர் வாங்கட்டும். தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். 2014-இல் வந்த நிர்பீக் போன்ற .32 ரிவால்வர்கள் அரைக் கிலோ எடைதான், கைப்பையிலும் அடங்கும். என் தங்கை கேட்டபோது அதையே சொன்னேன்.

பிஸ்டல்தான் என்று முடிவு செய்துவிட்டால், வாங்கும் அன்றே கூடுதலாக ஒரு மேகசின் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு அலைந்தாலும் கிடைப்பது கஷ்டம். இரண்டிலும் பெயின்டால் எண் போட்டுக்கொள்ளுங்கள். பிஸ்டல் எப்போதாவது நின்றால், எந்த எண் மேகசினில் நின்றது என்று குறித்து வைத்தால் பாதிக் கோளாறை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.